இமை கனத்த மத்தியானம்

தூங்கக் கூடாது, தூங்கினால் போச்சு என்று குற்றாலிங்கம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லச் சொல்ல அந்த வார்த்தைகளே தாலாட்டாகிக்கொண்டிருந்தன. வைகாசி மத்தியானம், ஆஸ்பத்திரி வார்டு, மேலே மின்விசிறி தன் பாட்டுக்குச் சுற்றியது, ஜன்னலில் கட்டியிருந்த பச்சைத் துணி உப்பி உப்பி அடங்கியது. விடியுமுன்னே அடுப்பு மூட்டிய சமையல்காரனுக்கு இந்த நேரத்தில் கண் சொக்கத்தான் செய்யும். மற்ற நாளாயிருந்தால் கல்யாண மண்டபத்தில் அரிசி மூட்டைமேல் துண்டை விரித்துக் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். இன்றைக்கு அந்தச் சொக்கலைக் கண்டுதான் பயம். "கடிச்சது கட்டுவிரியனா இருந்தா வலி இருக்காதுங்க ஐயா, வீக்கமும் இருக்காது. முதல்ல இமைதான் கனக்கும், கண்ணு தானா மூடும். அதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம்" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தார். சின்ன வயசு, நல்ல பெண், பொய் சொல்லத் தெரியவில்லை. கொஞ்சம் தெரிந்திருக்கலாம். இப்போது இமை கனக்கிறது. இது தூக்கத்தின் கனமா, விஷத்தின் கனமா, யாரிடம் கேட்பது? இமையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். தூக்க முடிந்தது. தூக்க முடிகிறதா என்று பார்ப்பதற்காகவே தூக்கினால், அது தானாகத் திறந்ததாகுமா, நாம் திறந்ததாகுமா? பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி ஆவுடையம்மாள், "என்ன, கண்ணு சொருகுதா? ஒறங்கிராதிய" என்று தொடையில் ஒரு தட்டு தட்டினாள். "இல்லட்டி, முழிச்சுத்தான் இருக்கேன்" என்றார். குரல் எங்கேயோ கிணற்றடியிலிருந்து வருகிற மாதிரி அவருக்கே கேட்டது.

நடந்தது இவ்வளவுதான். நேற்றுக் கல்யாணம், இன்று மறுவீட்டுச் சாப்பாடு, மறுவீடு என்றால் சொதிக் குழம்பு இல்லாமல் நடக்காது. தேங்காய்ப்பால் போதாமல் போகவே, இன்னும் நாலு காய் எடுக்கலாமென்று சாக்குக்குள் கையை விட்டார். நடுவிரலில் நார் குத்தின மாதிரி ஒரு சுருக்கு. கையை இழுத்தால் கூடவே ஒன்று தொங்கிக்கொண்டு வந்து, பொத்தென்று விழுந்து, சாக்கோரத்தில் சுருண்டுகொண்டது. கறுத்த தவிட்டு நிறம், மேலே வெள்ளை வெள்ளையாய்க் கட்டு. சமையல் கொட்டகையான ஆக்குப்புரையில் ஆளாளுக்குக் கத்தினார்கள். அவரிடம் கைவேலைக்கு நிற்கிற கசமுத்து மட்டும்தான் நிதானமாக இருந்தான், நாற்பது வயசுக்காரன், அடித்துக் கொல்ல வந்த ஒருத்தனைத் தடுத்து, காலியாய்க் கிடந்த பிளாஸ்டிக் ஊறுகாய் ஜாடியைக் கவிழ்த்து, கரண்டிக் காம்பால் தள்ளி உள்ளே ஏற்றி, மூடியைத் திருகி, கத்தி முனையால் அதில் ஓட்டையும் போட்டுவிட்டான். "டாக்டர் பாத்து என்ன பாம்புன்னு சொல்லணும்லா அண்ணாச்சி." கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அது நார்த்தங்காய் ஊறுகாய் இருந்த ஜாடி, அடியில் நல்லெண்ணெயும் மிளகாய்ப் பொடியும் அப்படியே மிச்சம். அண்டா அண்டாவாய்த் தண்ணீர் நிறைந்து நின்ற இடத்தில் ஒருத்தனுக்கும் அதைக் கழுவத் தோன்றவில்லை. ஆஸ்பத்திரி வந்து சேருமுன் பாம்பு அந்த எண்ணெயில் புரண்டு புரண்டு தலையிலிருந்து வால்வரை செக்கச்செவேலென்று ஆகிவிட்டது, கட்டும் தெரியவில்லை, புள்ளியும் தெரியவில்லை. டாக்டரம்மா ஜாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மூடியைத் திறக்கவே கூடாது என்றார். பெனினா சிஸ்டர் செல்போனில் படம் எடுத்து, வனத்துறைக்காகப் பாம்பு பிடிக்கிற ஒருவருக்கு அனுப்பினாள். "இது பாம்பா ஊறுகாயா சிஸ்டர், வெளக்கமா ஒரு படம் அனுப்புங்க" என்று பதில் வந்தது. அதற்குள் பந்திக்கு நேரமாகிவிட்டதென்று கசமுத்து மண்டபத்துக்கு ஓடிவிட்டான். சிஸ்டரை வேறு வார்டில் கூப்பிட்டார்கள். ஜாடி ஜன்னல் கட்டையில் வெயிலடியில் உட்கார்ந்திருந்தது.

உப்புப் போட்டேனா? திடுக்கென்று அது வந்து நின்றது. சொதியில் உப்பு, கடிக்கு முன்னாலா, பின்னாலா? பருப்பு வெந்தது, காய் போட்டது, இரண்டாம் பால் விட்டது, இஞ்சிச்சாறு விட்டது, உப்பு மரவையை இடது கையில் எடுத்தது நினைவிருக்கிறது, அள்ளினது நினைவிருக்கிறது, அள்ளின கை எங்கே போனது? சாக்குக்குள் போனதா, உருளிக்குள் போனதா? ஒரு மடக்கு வாயில் விட்டுப் பார்த்தால் எந்தச் சமையல்காரனுக்கும் தெரிந்துபோகும். அவர் விட மாட்டார். முருகனுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறார், பந்தி எழும்பும்வரை சமைத்த பண்டம் எதையும் நாக்கில் வைப்பதில்லை என்று. ஊரெல்லாம் தெரிந்த விரதம். பெண் வீட்டுக்காரர்கள் அதைச் சொல்லிச் சொல்லி அவருக்கு அட்வான்ஸ் கொடுத்தார்கள், ஆவுடை தெருவில் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டாள், முருகனும் இதுவரை வாயைத் திறக்கவில்லை. அவருக்கும் முருகனுக்கும் மட்டும்தான் தெரியும், விரதமும் இல்லை, ஒன்றும் இல்லை, நாக்கே இல்லை என்று. போன ஆவணியில் வந்த காய்ச்சலோடு அது போயிற்று. மூக்கு திரும்பி வந்துவிட்டது, நாக்கு வரவில்லை. ஒரு காலையில் ஆவுடை கொடுத்த காப்பி வெறும் வெந்நீராக இறங்கியது, காய்ச்சல் வாய்தானே என்று விட்டார். பிறகு எலுமிச்சங்காய் வெறும் ஈரமாக இருந்தது. பிறகு ஒரு நாள் ஒருவரும் இல்லாதபோது பச்சை மிளகாயைக் கடித்து மென்றார், எரிந்தது, எரிச்சல் மட்டும்தான் இருந்தது, மிளகாய் இல்லை. உப்பை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார், மணல். அன்றைக்கு அடுப்படி மூலையில் உட்கார்ந்து அவர் சத்தமில்லாமல் அழுதார், அப்பா செத்ததற்குக்கூட அப்படி அழுததில்லை.

அதற்குப் பிறகு கையாலேயே காலம் ஓடியது. கை அளவு கைக்குத் தெரியும், கொதி வருகிற வாசனை மூக்குக்குத் தெரியும், மிச்சத்துக்கு முதல் பந்தியில் முதல் ஆளின் முகம். தூணோரம் நின்று அவன் முதல் உருண்டையை வாயில் வைக்கும்போது பார்ப்பார். புருவம் ஏறுகிறதா, கை இலையில் உப்பைத் தேடுகிறதா, இல்லை, தலையைத் தூக்காமல் இரண்டாம் உருண்டை பிசைகிறானா? இன்று அந்த முகத்தை யார் பார்த்தார்கள்? பச்சைத் துணி உப்பியது. துணிக்குப் பின்னால் பந்தி நடக்கிறது, நீளமான பந்தி, இலைகள் ஆற்றோரம்வரை போகின்றன, உட்கார்ந்திருக்கிற எல்லோரும் ஒரே முகமாய் இருக்கிறார்கள், ஒருவரும் வாயில் வைக்காமல் அவரையே பார்க்கிறார்கள். உருளியில் சொதி வெள்ளையாய்ச் சுழல்கிறது, தேங்காய்ப்பால் திரியாமல், கரண்டி போன தடம் மட்டும் கறுப்பாய், ஒரு வெள்ளை வளையம், ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை, அது அப்படியே உருளி விளிம்பேறி இறங்கித் தரையில் போகிறது, அவசரமே இல்லாமல், ஒவ்வொரு இலையாய் மோந்து பார்த்துக்கொண்டு. எத்தனை வளையம் என்று எண்ணவேண்டும், எண்ணிவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம், யாரோ அப்படிச் சொன்னார்கள், எண்ணத் தொடங்கினால் அது வளைந்துவிடுகிறது. "ஏங்க! ஏங்க!" தொடையில் தட்டு. கண்ணைத் திறந்தார். எப்போது மூடினார் என்று தெரியவில்லை. அதுதான் உடம்பெல்லாம் வேர்க்க வைத்தது.

அடுத்த கட்டிலில் கால் முறிந்து கிடந்த கிழவருக்குப் பொழுது போகவில்லை. "கொம்பேறி மூக்கனாட்டும் இருக்கப்போவுது. அது கடிச்சிட்டுச் சும்மா போவாதாம்லா, உச்சி மரத்துல ஏறி, சுடுகாட்டுல பொகை வருதான்னு பாத்துட்டுத்தான் எறங்குமாம்" என்றார். "நீரு வாய மூடிட்டுப் படும்" என்று ஆவுடை சீறினாள். குற்றாலிங்கத்துக்கு என்னவோ சிரிப்பு வந்தது. பாவம், ஜாடிக்குள் இருக்கிறது எந்த மரத்தில் ஏறும்? அதுவே மிளகாய் எண்ணெயில் கிடந்து மூச்சு முட்டிக்கொண்டிருக்கிறது. அதன் கண் இரண்டும் கறுப்பு மணியாய் அவர் பக்கமே திரும்பியிருந்தன. பாம்புக்கு இமை கிடையாது என்று எப்போதோ கேட்டிருக்கிறார், மூடவே முடியாதாம், தூங்கும்போதும் திறந்தே இருக்குமாம். அதற்கு அந்தக் கவலை இல்லை. நீ யார், சொல்லிவிடு என்று அதனிடம் மனசுக்குள் கேட்டார். நீ கட்டுவிரியன் என்றால் நான் சாயங்காலத்தைப் பார்க்க மாட்டேன், ஆவுடை தனியாய் அந்த வீட்டுக்குள் போய் விளக்குப் பொருத்துவாள். சாதாரணப் பாம்பு என்றால் எழுந்து போய் உருளியைக் கழுவுவேன். இவ்வளவுதான் எனக்குத் தெரியவேண்டியது, உனக்கு ஒன்றுமில்லை, எனக்கு உயிர். பாம்பு நாக்கை நீட்டிக் காற்றைத் தொட்டுவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டது. அதற்கு நாக்கு வேலை செய்கிறது என்று நினைத்தார், பொறாமையாய் இருந்தது.

ஆவுடை எழுந்து வெளியே போனாள், திரும்பி வந்தபோது முந்தானைக்குள் எதையோ ஒளித்துக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரி முற்றத்து வேப்பமரத்தின் கொழுந்து. வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று சிஸ்டர் சொல்லியிருந்தாள், அதெல்லாம் ஆவுடையிடம் செல்லாது. "ஒரே ஒரு கொழுந்து. மென்னு பாருங்க. வெசம் ஏறியிருந்தா கசக்காது. கசந்துட்டுன்னா அந்தப் பாம்பு ஒண்ணுமில்லாததுன்னு அர்த்தம், நான் நிம்மதியா இருப்பேன்." கண் அவர் வாயிலேயே இருந்தது. வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். ஈரத் தாள். ஆவணியிலிருந்து எல்லாம் தாள்தான். கசக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் முகம் மலரும், மாதக்கணக்காய்ச் சொல்லிவரும் பொய்களோடு இதுவும் ஒன்று. ஆனால் இது வேறு பொய். உண்மையிலேயே விஷம் ஏறிக்கொண்டிருந்தால்? இந்த ஒரு பொய்யால் அவள் நிம்மதியாகி, காலை நீட்டி, ஒரு கண் அயர்ந்தால், அவர் இமை மூடுவதை யார் பார்ப்பது? ஒருவேளை, ஒருவேளை, நாக்கு இன்று காலை திரும்பி வந்திருந்து, அதை இந்தப் பாம்பு மறுபடி எடுத்துக்கொண்டதோ? ஒன்றும் இல்லாத இடத்திலிருந்து என்ன போயிற்று என்று எப்படிச் சொல்வது? மென்றுகொண்டே இருந்தார். அந்த நேரம் போதும் அவளுக்கு. "கசக்கலியா?" என்றாள் மெதுவாக. பிறகு, "சிஸ்டர்! யக்கா! கசக்கலியாம்! இவ்வொளுக்குக் கசக்கலியாம்!" என்று வராந்தாவில் ஓடினாள்.

டாக்டரம்மா வேகமாய் வந்தார், பின்னால் சிஸ்டர், அவளுக்குப் பின்னால், அப்போதுதான் மண்டபத்திலிருந்து திரும்பியிருந்த கசமுத்து. "வேப்பிலைய வச்சு நாங்க எதையும் முடிவு பண்றதில்லைம்மா. ஆனா ஐயா, நாக்கு மரத்துப்போன மாதிரி இருக்கா? முழுங்க கஷ்டமா இருக்கா? ருசி தெரியலையா?" டார்ச் வெளிச்சம் கண்ணுக்குள். "மேல பாருங்க, என் விரலையே பாருங்க. ஒரே மூச்சுல எண்ணுங்க." எண்ணினார். பாதியில் பயத்தில் மூச்சு உடைந்தது. "இமை கொஞ்சம் தாழ்ந்த மாதிரிதான் இருக்கு சிஸ்டர். இனிமே காத்திருக்க வேணாம், விஷமுறிவு மருந்து ஏத்திடலாம்." பிறகு ஆவுடையிடம், அந்த மருந்தே சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் மூச்சுத் திணறலாம், அதனால்தான் தேவையில்லாமல் ஏற்றுவதில்லை, கூடவே இருந்து பார்த்துக்கொள்வோம் என்று சொன்னார். சிஸ்டர் அவர் கையில் ஊசி போட நரம்பு தேடினாள். கசமுத்து கட்டில் காலடியில் நின்றான். அவன் நின்ற இடத்தைத்தான் குற்றாலிங்கம் பார்த்தார். அவன் காதில் விழுந்தால் நாளைக்கு ஊருக்குத் தெரியும், நாளன்றைக்குக் கல்யாணம் வைத்திருக்கிற அத்தனை வீட்டுக்கும் தெரியும். நாக்கில்லாத சமையல்காரன். எவன் கூப்பிடுவான்? சொல்லாவிட்டால் வேண்டாத மருந்து உடம்பில் ஏறும். அல்லது வேண்டிய மருந்து. மறுபடியும் அதே இடம், அதே சுற்று, உருளி விளிம்பிலேயே போய்க்கொண்டிருக்கிறது. ஆவுடை அவர் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள், மூச்சுத் திணறலாம் என்று கேட்டதிலிருந்து அந்தப் பிடியை விடவே இல்லை. அந்தப் பிடிதான் அவரைப் பேச வைத்தது. "இருங்க டாக்டரம்மா. நாக்கு இன்னைக்குப் போகல. போன ஆவணியில காய்ச்சல் வந்துதுலா, அப்பமே போயிட்டு. அதுலேருந்து எனக்குக் கசப்பும் தெரியாது, உப்பும் தெரியாது. விரதம் கிரதம் எல்லாம் சும்மா."

டாக்டரம்மா நிமிர்ந்து, "மரத்துப்போன மாதிரி, முழுங்க முடியாத மாதிரி ஏதாவது?" என்று மறுபடி கேட்டார். இல்லை. "காலையில எத்தனை மணிக்கு எந்திரிச்சீங்க?" நேற்றிலிருந்து படுக்கவே இல்லை. டாக்டரம்மா இன்னொரு முறை, பயப்படாமல் எண்ணச் சொன்னார். இந்த முறை மூச்சு உடையாமல் எண்ணி முடித்தார். "மருந்து தயாரா இருக்கட்டும் சிஸ்டர், கொஞ்சம் பாப்போம். அந்தப் பாம்பு என்னதான்னு தெரிஞ்சா எவ்வளவோ நல்லாருக்கும்." கசமுத்து ஜாடியை எடுத்துக்கொண்டு வெளியே குழாயடிக்குப் போனான். ஜன்னல் வழியே தெரிந்தது. மூடியைத் திறக்காமல், ஓட்டை வழியாகவே தண்ணீரை விட்டான், குலுக்காமல் சாய்த்தான், சிவப்பாய் வடிந்தது. மறுபடி விட்டான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வெளுத்தது. குற்றாலிங்கம் தலையணையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார், இத்தனை வருஷத்தில் கசமுத்து ஒரு பாத்திரத்தை இவ்வளவு பொறுமையாய்க் கழுவிப் பார்த்ததில்லை. சிஸ்டர் மறுபடி படம் எடுத்தாள், பாம்பு பிடிக்கிறவர் உடனே போனில் வந்தார், அவள் ஸ்பீக்கரில் போட்டாள். "கட்டு எங்கேருந்து ஆரம்பிக்கி? கழுத்துலேருந்தா, தள்ளியா?" கசமுத்து ஜாடியை முகத்துக்கு நேராய்த் தூக்கினான். "கழுத்துலேருந்தே. தடிமனா இருக்கு." "வால் பக்கம்?" "வால் பக்கம் போவப்போவ மங்கிட்டு. கடைசில ஒண்ணுமே இல்ல." "ரெண்டு ரெண்டா, ஜோடி ஜோடியா மெல்லிசா இருக்கா?" "இல்ல. ஒத்தை ஒத்தையா, அகலமா." போனில் சிரிப்புக் கேட்டது. "படத்துலயும் அப்பிடித்தான் தெரியுது. கட்டுவிரியன்னா தலையவிட்டுத் தள்ளி ஆரம்பிக்கும், ஜோடியா வரும், வால்லதான் பளிச்சுன்னு தெரியும். இது வெள்ளிக்கோல் வரையன். பல்லி பிடிக்க வீட்டுக்குள்ள வரும். வெசமே கெடையாது. பாவம், அத வெளிய விட்டுருங்க, மொதல்ல நல்லா குளிப்பாட்டி." டாக்டரம்மாவும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத் தலையாட்டினார், எதற்கும் ராத்திரிவரை இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். சிரித்தார். "இப்ப நீங்க தாராளமா தூங்கலாம் ஐயா."

கசமுத்து ஜாடியோடு வாசலில் நின்றான். "சொதியில உப்பு இல்ல அண்ணாச்சி. நான் போட்டுட்டேன். பந்தியில எல்லாம் காலி." பிறகு கொஞ்சம் யோசித்து, "நான் இங்க எதையும் கேக்கல" என்று சொல்லிவிட்டு, பாம்பைக் குளக்கரையில் விடப் போனான். உயிர் இருந்தது, தொழிலும் இருக்கும்போல இருந்தது. குற்றாலிங்கத்துக்கு உடம்பெல்லாம் பஞ்சாய் லேசானது. விசிறி சுற்றியது. பச்சைத் துணி உப்பியது. தூக்கம் வரட்டும் என்று காலை நீட்டினார். ஆவுடை ஸ்டூலை இழுத்து, அவர் முகத்துக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நாக்கு போனதை ஏன் மறைத்தீர்கள், என்னிடம்கூடச் சொல்லவில்லையே என்று சண்டை பிடிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் அதைக் கேட்கவில்லை.

"ஆவணியிலேருந்தா?" என்றாள்.

"ஆமாட்டி."

"அப்பம் பொரட்டாசியில நான் வச்ச வத்தக்கொழம்பு? ஒன் கைக்கு என்னா ருசின்னு சொன்னியளே. ஐப்பசியில ரசம். பொங்கலுக்கு நான் கிண்டுன அல்வா. நேத்து முந்தாநாள் வச்ச கீரை."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் சமைத்ததை அவர் ஒரு நாள் மெச்சியதில்லை. ஊரெல்லாம் மெச்சுகிற சமையல்காரனுக்கு வீட்டு இலையில் உட்கார்ந்தால் குற்றம் மட்டும்தான் கண்ணில் படும், புளி தூக்கல், கடுகு கருகல், பெருங்காயம் கூட. அவள் பதில் பேசாமல் பரிமாறிவிட்டுப் போவாள். ஆவணிக்குப் பிறகு ஒன்றும் தெரியாமல்போகவே, மாட்டிக்கொள்ளக் கூடாதென்று, எதைப் போட்டாலும் நன்றாயிருக்கிறது என்றார். ஒரு தடவை சொன்னதும் அவள் முகம் போன போக்கைப் பார்த்து, அடுத்த தடவை கொஞ்சம் கூட்டிச் சொன்னார். சாயங்காலமானால் அடுப்படியில் பாட்டுக் கேட்கத் தொடங்கியது. அவர் வர நேரமானால் சூடாறாமல் எடுத்துவைத்து வாசலில் நின்றாள். இந்த வயதில் தலையில் பூ வைத்துக்கொண்டாள். அவர்கள் இரண்டு பேருக்கும் இத்தனை வருஷத்தில் வாய்த்த நல்ல காலம் அதுதான், அது முழுக்கவும் இந்தச் செத்த நாக்கு சொன்னது.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மத்தியானம் முழுக்க வா வா என்று அழைத்த தூக்கம், இப்போது கிட்டவே வரவில்லை.

"ஒறங்குத மாதிரி நடிக்காண்டாம். ஒண்ணும் ஆவலன்னு டாக்டரம்மா சொல்லியாச்சு. கண்ணத் தொறந்து சொல்லுங்க. நல்லா இருந்துதா, இல்லியா?"

திறந்தார். காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், இப்போது அழுதுகொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியாது ஆவுடை" என்றார்.